மதிப்பு கூடியாச்சு... சம்பளம்?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா பையன் வீட்டுக்கு வந்தான். வயது இருபத்தொன்பது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் சாஃப்ட்வேர் வேலை. வழக்கமாக வந்தால் செருப்பைக் கழற்றும்போதே ‘‘அத்தை, சாப்பிட என்ன இருக்கு?’’ என்று சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுப்பான். அன்றைக்கு நேரே என் அறைக்கு வந்து உட்கார்ந்தான். கையில் பளபளவென்று ஒரு புத்தகம்.

‘‘அப்ரைசல் முடிஞ்சது மாமா. நாலு பர்சன்ட்.’’

‘‘பரவாயில்லையேடா.’’

‘‘என்ன பரவாயில்லை? இந்த ஒரு வருஷத்துல மூணு கோர்ஸ் முடிச்சு சர்டிஃபிகேட் வாங்கியிருக்கேன். ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் முழிச்சு உக்காந்து படிச்சது. டீம்ல புதுசா வந்த ரெண்டு பேருக்கு நான்தான் வேலை கத்துக் குடுத்தேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, ‘நல்லா வளர்றே, இன்னும் வளரணும்’னு சொல்லி இந்த புக்கைக் குடுத்தார் மேனேஜர்.’’

வாங்கிப் புரட்டினேன். தெரிந்த வகைதான். உன்னை நீ வளர்த்துக்கொள், உன் மதிப்பு உயரும். மதிப்பு உயர்ந்தால் சம்பளம் தன்னால் உயரும். இந்த ரகத்தில் நானே ஐம்பது, அறுபது படித்திருப்பேன். அவனுக்கும் அது தெரியும். அதனால்தான் கேட்டான்.

‘‘நீங்கதான் இதையெல்லாம் கரைச்சுக் குடிச்சவராச்சே. சொல்லுங்க மாமா, நான் எங்கே தப்புப் பண்ணேன்?’’

கவனித்தீர்களா? ‘எனக்கு ஏன் சம்பளம் கூடவில்லை’ என்று அவன் கேட்கவில்லை. ‘நான் எங்கே தப்புப் பண்ணேன்’ என்று கேட்டான். உழைத்துப் படித்த ஒரு பையன், தன்னைத்தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டு வந்து நிற்கிறான். ஏற்றிவிட்டது யார்? சந்தேகமாக இருந்தது. அலமாரியில் இருந்த அந்தப் புத்தகங்களையெல்லாம் இறக்கி, வாரம் முழுக்க மறுபடி படித்தேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இவற்றைக் கேலி செய்வது ரொம்ப சுலபம். நான் செய்யமாட்டேன், நன்றி மறந்தவன் ஆகிவிடுவேன். பி.காம். முடித்து பத்திரிகை வேலைக்கு வந்த புதிதில், நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். டேல் கார்னகியைப் படித்துத்தான் அந்த நடுக்கம் போனது. 1936-ல் வந்த புத்தகம். எதிராளி பேசுவதைக் காது கொடுத்துக் கேள், அவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள், உன் பக்கம் தப்பென்றால் சட்டென்று ஒத்துக்கொள் என்கிறார். இதில் எது பொய்? இன்றைக்கும் ஆபீசுக்கு ஆகும், வீட்டுக்கு ரொம்பவே ஆகும்.

ஜிம் ரோன் என்று ஒருவர். 2009-ல் காலமானார். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து விவசாயக் குடும்பத்தில் வளர்ந்து, பேச்சாலேயே கோடீஸ்வரர் ஆனவர். இன்று நம் ஊர் மேடைகளில் கேட்கிற பாதி சரக்கு அவருடையதுதான். நீ செலவழிக்கிற நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை, அந்த நேரத்தில் நீ தருகிற மதிப்புக்குத்தான் தருகிறார்கள். ஆகவே வேலைக்காக உழைப்பதைவிட உனக்காக அதிகம் உழை என்பது அவர் சித்தாந்தம். கேட்கும்போது ஜிவ்வென்று ஏறும். எனக்கும் ஏறியிருக்கிறது.

இந்த முறை படித்தபோது மண்டைக்குள் வேறொரு கேள்வி குடைந்தது. இவர்களெல்லாம் இந்தப் பாடத்தை எங்கே கற்றார்கள்?

ஜிம் ரோன், கடையில் ஸ்டாக் கிளார்க்காக இருந்து, பிறகு நேரடி விற்பனைக்குப் போய்ச் சம்பாதித்தவர். டேல் கார்னகி, இறைச்சிக் கம்பெனி ஒன்றுக்காக ஊர் ஊராகப் போய் பன்றிக் கறியும் சோப்பும் விற்றவர். அவர் 1912-ல் நியூயார்க்கில் பேச்சுப் பயிற்சி வகுப்பு ஆரம்பித்த கதை இன்னும் சுவாரஸ்யம். ஒரு வகுப்புக்கு இரண்டு டாலர் கேட்டார். அதெல்லாம் கட்டுப்படியாகாது, வசூலில் பங்கு வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார்கள். கூட்டம் அள்ளியது, இரண்டு டாலர் கேட்டவர் அதைப்போலப் பல மடங்கு சம்பாதித்தார். ஸிக் ஸிக்லர் வீடு வீடாகப் போய் சமையல் பாத்திரம் விற்றவர். ஆக் மாண்டினோ இன்ஷூரன்ஸ் விற்றவர்.

புரிகிறதா? எல்லோரும் கமிஷன்காரர்கள்!

கமிஷன் வாழ்க்கையில் கணக்கு நேர்க்கோடு. பேச்சை மெருகேற்றினால் நாளைக்கே பத்து பாத்திரம் கூடுதலாக விற்கும். மாலையிலேயே பைக்குக் காசு வந்துவிடும். வளர்ச்சிக்கும் வருமானத்துக்கும் நடுவில் யாரும் குறுக்கே நிற்பதில்லை. ஆகவே அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் வாழ்க்கையில் அது நூற்றுக்கு நூறு உண்மை.

மாதச் சம்பளக்காரன் கதை அப்படியா? நடுவில் மேனேஜர் இருக்கிறார், ஹெச்.ஆர். இருக்கிறது, ‘இந்த வருஷம் மொத்தமே இவ்வளவுதான்’ என்று முன்கூட்டியே போட்ட பட்ஜெட் இருக்கிறது. நீங்கள் கூடுதலாக விற்ற பத்துப் பாத்திரத்தின் காசு முதலில் கம்பெனிக்குப் போகும். அதில் உங்களுக்கு எவ்வளவு என்பதை வேறு யாரோ, வேறு ஏதோ கணக்கில் முடிவு செய்வார்கள். கமிஷன் வியாபாரி எழுதிய பாடப் புத்தகத்தை மாதச் சம்பளக்காரன் கையில் கொடுத்துப் பரீட்சை எழுதச் சொல்கிறோம். ஃபெயில் ஆனால் அவன் தலையில் குட்டுகிறோம்.

என் பி.காம். படிப்பு உருப்படியாக உதவியது இந்த இடத்தில்தான். மதிப்பு வேறு, விலை வேறு. முதல் வருடமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். தண்ணீர் இல்லாமல் வாழ முடியாது, ஆனால் அது மலிவு. வைரம் இல்லாமல் ஜோராக வாழலாம், ஆனால் அதன் விலை எக்கச்சக்கம். ஏன் அப்படி என்று ஆடம் ஸ்மித் 1776-லேயே யோசித்தார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2019 கோடையில் சென்னையில் தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்தவர்களைக் கேளுங்கள். எப்போதும் வருகிற அதே தண்ணீர்தான். விலை எங்கேயோ போனது. தண்ணீர் அந்த வருஷம் பர்சனாலிட்டி டெவலப்மென்ட் கோர்ஸ் எதுவும் படிக்கவில்லை!

மதிப்பு உங்களுக்குள் இருப்பது. விலை உங்களுக்கும் வாங்குபவருக்கும் நடுவில் பேசி முடிவாவது. மதிப்பைக் கூட்டுவது எப்படி என்று முந்நூறு பக்கம் எழுதுகிற இந்தப் புத்தகங்கள், விலை எப்படி முடிவாகிறது என்பதை ‘தானாக’ என்ற ஒரே சொல்லில் தாண்டிப் போய்விடுகின்றன.

தானாகவா? என் கதையையே சொல்கிறேன். முதல் வேலை ஒரு சின்னப் பத்திரிகையில். நிருபர் வேலையோடு, சாயங்கால வகுப்பில் பணம் கட்டி பேஜ்மேக்கர் கற்றுக்கொண்டேன். லே-அவுட் செய்ய ஆள் வராத நாட்களில் பக்கங்களை நானே முடித்துக் கொடுத்தேன். பிறகு ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பும் சேர்ந்துகொண்டது. கிட்டத்தட்ட இரண்டு ஆள் வேலை. சம்பளம் பற்றி மெல்ல இழுத்தால், ‘‘நல்லா வளர்றீங்க தம்பி’’ என்பார் முதலாளி. வளர்ந்துகொண்டே இருந்தேன். சட்டைதான் பழசாகிக்கொண்டே போனது.

ஒரு வெள்ளிக்கிழமை, வேறொரு பத்திரிகையிலிருந்து வேலைக்கான கடிதம் வந்தது. திங்கட்கிழமை அதைக் கொண்டுபோய் முதலாளி மேஜையில் வைத்தேன். பார்த்தார், டீ வரவழைத்தார், சம்பளத்தில் பாதிக்கு மேல் கூட்டித் தருவதாகச் சொன்னார். நான் கேட்கிறேன்... வெள்ளிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் நான் என்ன வளர்ந்துவிட்டேன்? சனிக்கிழமை சினிமா பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை தூங்கினேன். என் மதிப்பு அதேதான். மாறியது ஒன்றே ஒன்று: என்னை வாங்க இன்னொருவர் வந்துவிட்டார்.

அதே ஆபீசில் பிழை திருத்துகிற பெரியவர் ஒருவர் இருந்தார். இலக்கணம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அச்சுக்குப் போயிருந்தால் வழக்கில் கொண்டுபோய் விட்டிருக்கும் ஒரு வரியை, கடைசி நிமிஷத்தில் கண்டுபிடித்துக் காப்பாற்றியவர். நான் பார்த்தவர்களில் தன்னை ஓயாமல் வளர்த்துக்கொண்ட மனிதர் அவர்தான். அறுபது வயதில்கூடப் புது அகராதி வந்தால் கடனுக்கு வாங்குவார். வாய் திறந்து எதுவும் கேட்கமாட்டார். அவர் ஓய்வு பெற்ற அன்று கொடுத்த சம்பளக் கவரை நான் பார்த்தேன். வேண்டாம், அந்தத் தொகையை எழுதினால் அவருக்கு அவமரியாதை. ‘இன்னும் வளரணும்’ என்று அவரிடம் எந்த மேனேஜராவது சொல்ல முடியுமா?

‘அது சின்னப் பத்திரிகை சார், பெரிய கம்பெனிகளில் திறமைக்குத் தனி மரியாதை’ என்பீர்கள். உலகத்திலேயே பெரிய கம்பெனிகளைப் பார்ப்போம். ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி. உன் ஆளை நான் கூப்பிடமாட்டேன், என் ஆளை நீ கூப்பிடாதே என்று தங்களுக்குள் ரகசியமாகப் பேசி வைத்துக்கொண்டார்கள். அமெரிக்க நீதித்துறை 2010-ல் கையும் களவுமாகப் பிடித்தது. பாதிக்கப்பட்ட ஊழியர்கள் சுமார் 64,000 பேர் சார்பில் நடந்த வழக்கில், 2015-ல் இந்த நான்கு கம்பெனிகளும் 41.5 கோடி டாலர் கொடுத்து சமரசமாகப் போயின. அந்த எஞ்சினீயர்கள் வளராதவர்களா? உலகத்தின் கில்லாடிகள். அவர்களுக்கு வந்திருக்க வேண்டிய போன் கால் வராமலே போனது, அவ்வளவுதான். இன்னொரு வாங்குபவர் வராவிட்டால் வைரமும் கூழாங்கல் விலைதான்.

நம் ஊருக்கு வாருங்கள். பெரிய ஐ.டி. கம்பெனிகளில் புதிதாகச் சேரும் எஞ்சினீயருக்குத் தருகிற சம்பளம், பதினைந்து வருஷம் போல, ஆண்டுக்கு மூன்றிலிருந்து மூன்றரை லட்சம் என்ற இடத்திலேயே பெரும்பாலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2010-ல் பவுன் விலை சுமார் 15,000 ரூபாய். 2025-ல் எழுபதாயிரத்தைத் தாண்டிப் பறந்தது. இந்தப் பதினைந்து வருஷத்தில் பிள்ளைகள் வளரவில்லையா? 2010-ல் சேர்ந்தவர்களுக்குப் பெயரே தெரியாத சமாச்சாரங்களையெல்லாம் இப்போது இரண்டாம் வருஷத்திலேயே படித்துவிட்டு வருகிறார்கள். ஆனாலும் கல்லூரி வாசலில் லட்சக்கணக்கான பேர் வரிசையில் நிற்கும்வரை விலை ஏறாது. இது அந்தப் பிள்ளைகளின் குறை இல்லை.

பாலாடைக்கட்டி கதைக்கு வருவோம். ஸ்பென்ஸர் ஜான்சன் 1998-ல் எழுதிய குட்டிப் புத்தகம். இரண்டு எலிகள், இரண்டு குட்டி மனிதர்கள், ஒரு சிக்கலான புதிர்ப்பாதை. ஒருநாள் பாலாடைக்கட்டியைக் காணோம். எலிகள் யோசிக்காமல் அடுத்ததைத் தேடி ஓடிவிடும். மனிதர்கள் மட்டும் எடுத்தது யார் என்று புலம்பி நிற்பார்கள். மாற்றத்துக்குப் பழகிக்கொள் என்பது நீதி. நல்ல நீதிதான். ஆனால் பல கம்பெனிகள் இதைக் கட்டுக்கட்டாக வாங்கி ஊழியர்களுக்கு விநியோகித்தன. யார் விநியோகிக்கிறார்கள் என்று பாருங்கள்! கதையில் கட்டி இயற்கை நிகழ்ச்சி மாதிரி மறைந்துபோகும். ஆபீசில் அப்படி மறையாது. அதை நகர்த்த ஒரு மீட்டிங் நடக்கும், ஒருவர் கையெழுத்துப் போடுவார். யார் எடுத்தது என்று கேட்பது இந்தப் புத்தகத்தில் மட்டும்தான் முட்டாள்தனம்.

என் மனக்குறையே இதுதான். இந்தப் புத்தகங்கள் வளரச் சொல்வது தப்பில்லை. வளர்ந்த பிறகும் காசு வராதபோது, ‘நீ இன்னும் போதுமான அளவு வளரவில்லை’ என்ற ஒரே பதிலைத்தான் அவற்றால் தர முடிகிறது. மருந்து பலிக்காவிட்டால் நோயாளி சரியாக விழுங்கவில்லை என்கிற வைத்தியர் மாதிரி. அந்த வைத்தியரிடமிருந்துதான் என் அக்கா பையன் வந்திருந்தான்.

இந்த வகைப் புத்தகங்களின் ஆதி மூலம் இப்படி இல்லை என்பதுதான் ஆச்சரியம். சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859-ல் ‘செல்ஃப் ஹெல்ப்’ எழுதினார். அந்தச் சொல்லே பிரபலமானது அவரால்தான். புத்தகம் பிறந்த கதையை அவரே முன்னுரையில் சொல்கிறார். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் இரண்டு, மூன்று ஏழை இளைஞர்கள், குளிர்கால இரவுகளில் கூடி, தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். கூட்டம் நூறு பேர் வரை வளர்ந்தது. இடம் போதாமல், காலரா ஆஸ்பத்திரியாக இருந்த ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தார்கள். மற்றவர்கள் நெருங்கவே பயந்த அறை. அங்கே அவர்களுக்காகப் பேசிய பேச்சுகளிலிருந்து வளர்ந்ததுதான் அந்தப் புத்தகம். சுய முன்னேற்றத்தின் முதல் அத்தியாயத்தில் யாரும் தனியாக இல்லை!

தமிழில் இன்னும் பெரிய உதாரணம் இருக்கிறது. ஜேம்ஸ் ஆலன் 1903-ல் எழுதிய, மனம் எப்படியோ மனிதன் அப்படி என்கிற புத்தகத்தை ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? வ.உ.சிதம்பரம் பிள்ளை. அதுவும் சிறையில் இருந்த காலத்தில். உன்னை நீ திருத்திக்கொள், உன் வாழ்க்கை திருந்தும் என்ற கருத்தில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அதே வ.உ.சி. அதற்குமுன் என்ன செய்தார்? 1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்கு முன்னால் நின்றார். கூலி உயர்வு வேண்டும், வார விடுமுறை வேண்டும். பத்து நாளுக்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி கூடியது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. அடுத்த சில நாட்களில் அவர் கைதானார்.

‘உங்கள் எண்ணத்தை உயர்த்துங்கள், கூலி தானாக உயரும்’ என்று அந்த மில் வாசலில் அவர் வகுப்பெடுக்கவில்லை. மனதை வளர்ப்பது வேறு வேலை, கூலியைக் கேட்பது வேறு வேலை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டையும் செய்தார். நாம் ஒரு பாதியை மட்டும் பளபளப்பான அட்டை போட்டு விற்றுக்கொண்டிருக்கிறோம்.

அக்கா பையனிடம் நான் சொன்னது மூன்று விஷயம்.

படிப்பதை நிறுத்தாதே. ஆனால் உன் கம்பெனிக்குள் மட்டும் செல்லுபடியாகிற வித்தையா, வெளியேயும் விலை போகிற வித்தையா என்று பார்த்துப் படி. வாசல் கதவு திறந்திருக்கிற வீட்டில்தான் மரியாதையாக இருக்க முடியும்.

கேள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். ‘நன்றாக வேலை செய்கிறேன்’ என்று பொதுவாகச் சொல்லாமல், இன்னின்ன செய்தேன், அதனால் இவ்வளவு மிச்சம், எனக்கு இவ்வளவு வேண்டும் என்று எழுத்தில் கேள். வேலையின் வெளி விலை என்ன என்று தெரிந்துகொண்டு கேள்.

மூன்றாவது, கூட இருப்பவர்களிடம் பேசு. யார் மேல் எவ்வளவு அன்பாக இருந்தாலும் சம்பளத்தை மட்டும் மூடி மூடி வைப்பது நம் வழக்கம். அந்த மௌனத்தால் லாபம் யாருக்கு என்று யோசி.

‘‘சரி மாமா’’ என்று கிளம்பினான். மேனேஜர் கொடுத்த புத்தகத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டான். நல்லதுதான், அதிலும் நாலு நல்ல விஷயம் இருக்கும்.

இந்தக் கட்டுரையை முடிக்கிற நேரத்தில் போன்.

‘‘மாமா, டீம்ல அஞ்சு பேர்கிட்ட பேசினேன்.’’

‘‘என்னடா சொன்னாங்க?’’

‘‘அஞ்சு பேருக்கும் அதே நாலு பர்சன்ட். அதே புக்.’’ கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: ‘‘அஞ்சு பேருமே தன்கிட்டதான் ஏதோ தப்புன்னு நினைச்சுட்டு, வெளிய சொல்ல வெக்கப்பட்டு உக்காந்திருந்திருக்காங்க மாமா.’’